நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர்களுக்கு: சேஃப்டி ஷூ வாங்கும் முழு வழிகாட்டி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் விடும் நேரத்தில் கேட் பக்கம் நின்று பாருங்கள். யாருக்கு ஷூ சரியில்லை என்பது நடையிலேயே தெரிந்துவிடும். சிலர் கட்டைவிரலை ஊன்றாமல் பாதத்தின் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நடப்பார்கள். சிலர் பஸ் ஏறியதும் முதல் வேலையாக லேஸை அவிழ்ப்பார்கள். குதிகால் வலி, கால் ஆணி, சேற்றுப்புண் என்று ஆளுக்கொன்று இருக்கும். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் என்றால் அப்படித்தான் என்று அதை ஏற்றுக்கொண்டும் விடுகிறார்கள். ஏற்றுக்கொள்ளவே வேண்டியதில்லை. இதில் நிறைய ஷூவைச் சரியாகத் தேர்ந்தெடுத்தாலே வராது.

நான் இங்கே ஒரு மில்லில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். ஷூ என்றதும் எல்லாரும் கேட்பது, "எந்தக் கம்பெனி நல்லதுண்ணே?" என்றுதான். கம்பெனிப் பெயர் கடைசியில் வரட்டும். எந்தத் தரையில் நிற்கிறீர்கள், சாயங்காலம் உங்கள் கால் என்ன அளவில் இருக்கிறது, இந்த இரண்டும் தெரியாமல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பயனில்லை.

முதலில் தரை

எளாவூர் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேர்த்துப் பார்த்தால், சில கிலோமீட்டருக்குள் எத்தனை விதமான தரை! கும்மிடிப்பூண்டியில் உருக்கு மில்களும் ஃபவுண்டரிகளும். எல்லை தாண்டி தடா, சத்தியவேடு பக்கம் ஸ்ரீசிட்டியில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள், வாகன உதிரி பாகங்கள், பெரிய பெரிய குடோன்கள். பழவேற்காடு ஏரியை ஒட்டி மீன், இறால், ஐஸ். இவை எல்லாவற்றுக்கும் நடுவே எப்போதும் ஏதாவது கட்டட வேலை. எல்லாவற்றுக்கும் ஒரே ஷூ சரிவராது.

குடோன், அசெம்பிளி லைன் மாதிரி வெறும் கான்கிரீட் தரையில் நிற்பவர்களுக்குப் பெரிய எதிரி அந்தத் தரையின் கடினம்தான். கான்கிரீட் கொஞ்சமும் அமுங்காது. ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியும் குதிகாலுக்கும் முழங்காலுக்கும் இடுப்புக்கும்தான் போகும். அதனால் இங்கே மெத்தென்ற சோல் முக்கியம். இரட்டை அடர்த்தி பி.யு. (பாலியூரித்தேன்) சோல் என்று கேளுங்கள். காலை ஒட்டிய அடுக்கு மென்மையாகவும் தரையைத் தொடும் அடுக்கு கெட்டியாகவும் இருக்கும்.

ரோலிங் மில்லிலும் ஃபவுண்டரியிலும் சூடுதான் பிரச்சினை. பி.யு. சோல் சூட்டில் இளகிவிடும். நைட்ரைல் ரப்பர் சோல் வேண்டும். எச்.ஆர்.ஓ. என்ற குறி இருக்கிறதா பாருங்கள். 300 டிகிரி சூட்டை ஒரு நிமிடம் தொட்டாலும் சோல் தாங்கும் என்று சோதித்ததற்கான குறி அது. ஸ்போர்ட்ஸ் ஷூ மாதிரி வலைத்துணி வைத்த சேஃப்டி ஷூக்கள் இப்போது நிறைய வருகின்றன. லேசாகத்தான் இருக்கும். ஆனால் பொறி பறக்கும் இடத்தில் அந்த வலை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அங்கே அதைப் போடவே கூடாது. உருகிய உலோகத்தின் அருகில் வேலை என்றால் லேஸ் இல்லாமல் ஒரே இழுப்பில் கழற்றக்கூடிய ஷூ வேண்டும். பேன்ட்டின் கால் ஷூவுக்கு வெளியேதான் தொங்க வேண்டும். உள்ளே செருகினால் பொறி நேராக ஷூவுக்குள் இறங்கும்.

கட்டட வேலைக்கு ஆணி. சோலுக்குள் துளைக்காத தகடு இருக்க வேண்டும். இரும்புத் தகடும் உண்டு, நெய்த துணித் தகடும் உண்டு. துணித் தகடு நன்றாக வளையும், பாதத்தின் அடி முழுவதையும் மூடும். மெல்லிய கூரான ஆணியை இரும்புதான் கூடுதலாகத் தடுக்கும். சென்ட்ரிங் பலகை கிடக்கும் இடத்தில் நான் இரும்பைத்தான் சொல்வேன்.

எலக்ட்ரானிக்ஸ் லைனில் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வேண்டும் என்பதால் ஈ.எஸ்.டி. அல்லது ஆன்டிஸ்டாட்டிக் ஷூ தருவார்கள். அது மின்சாரத்தைக் கொஞ்சம் கடத்துவதற்காகவே செய்தது. லைவ் லைனில் கை வைக்கும் எலக்ட்ரீஷியன் அதைப் போடக் கூடாது. அவருக்கு மின்சாரத்தைத் தடுக்கும் ஷூ தனி. இரண்டையும் மாற்றிப் போட்டால் உயிருக்கே ஆபத்து. இதில் சந்தேகம் இருந்தால் சேஃப்டி ஆபீசரிடம் கேட்காமல் நகராதீர்கள்.

மீன், இறால், ஐஸ் வேலைக்குத் தோல் ஷூவே வேண்டாம், பி.வி.சி. கம்பூட் போதும். கணுக்கால் பக்கம் லொடலொடவென்று இருந்தால் ஈரத்தில் சறுக்கும், அதை மட்டும் பாருங்கள்.

முத்திரையும் எழுத்துகளும்

ஷூவின் நாக்கிலோ பக்கவாட்டிலோ ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கும். அதன் மேல் ஐ.எஸ். 15298 என்ற எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்ற மொபைல் செயலியில் போட்டால் யாருடைய உரிமம், நடப்பில் இருக்கிறதா என்பது வந்துவிடும். கடையில் நின்றபடியே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

ஐ.எஸ். 15298-இல் பகுதிகள் உண்டு. பகுதி 2 என்றால் முன்பக்கக் கவசம் 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். இருபது கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விரல்மேல் போட்டால் எவ்வளவோ, அவ்வளவு. பகுதி 3 என்றால் அதில் பாதி, 100 ஜூல். பகுதி 4 என்றால் கவசமே கிடையாது. கனமான பொருள் கையாளும் இடத்தில் பகுதி 2 தவிர வேறெதையும் வாங்காதீர்கள். கடைக்காரர் "எல்லாம் ஐ.எஸ்.ஐ. தான் சார்" என்பார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் எந்தப் பகுதி என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அதோடு எஸ்-1, எஸ்-2, எஸ்-3 என்று ஒரு குறி இருக்கும். எஸ்-1 என்பது மூடிய குதிகால், ஆன்டிஸ்டாட்டிக், குதிகாலில் அதிர்ச்சி தாங்கும் தன்மை. எஸ்-2 என்றால் இவற்றோடு மேல்தோல் சீக்கிரம் தண்ணீர் இழுக்காது. எஸ்-3 என்றால் அதற்கும் மேல் ஆணி துளைக்காத தகடும் ஆழமான வரி போட்ட சோலும். எஸ்-1 பக்கத்தில் பி என்று இருந்தால் தகடு உண்டு, தண்ணீர்த் தடுப்பு இல்லை. உலர்ந்த குடோனில் நிற்பவர் எஸ்-3 வாங்கிக் கனத்தையும் புழுக்கத்தையும் சுமக்க வேண்டியதில்லை.

முன்கவசம் ஸ்டீலா, ஃபைபரா? சட்டப்படி இரண்டும் ஒரே 200 ஜூல் சோதனையில் தேற வேண்டியவை. ஃபைபர் எடை குறைவு, வெயில் சூட்டைக் கடத்தாது, கேட்டில் மெட்டல் டிடெக்டர் வைத்திருக்கும் கம்பெனிகளில் தொல்லை இல்லை. ஸ்டீல் மெல்லியது, அதனால் உள்ளே விரலுக்குச் சற்று இடம் கூடுதல். விலையும் குறைவு. விரல்பக்கம் ஒடுக்கமாக உள்ளவர்களுக்கு இதில் பெரிய வித்தியாசம் தெரியாது. விரல்பக்கம் அகலமானவர்கள் இரண்டையும் போட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

சாயங்காலம் அளவெடுங்கள்

காலையில் எடுக்கும் அளவு பொய் சொல்லும். நாள் முழுக்க நின்றால் ரத்தமும் நீரும் காலுக்கு இறங்கிப் பாதம் வீங்கும். வெயில் காலத்தில் இன்னும் கூடுதலாக. ஆகவே ஷிப்ட் முடிந்து வந்ததும், வேலைக்குப் போடும் அதே சாக்ஸோடு அளவெடுங்கள்.

சுவரை ஒட்டி ஒரு தாள் போட்டு, குதிகால் சுவரைத் தொட, முழு எடையும் அந்தக் காலில் விழும்படி நில்லுங்கள். நீளமான விரல் முடியும் இடத்தில் வேறொருவரைக் கோடு போடச் சொல்லுங்கள், நீங்களே குனிந்தால் எடை மாறிவிடும். நிறையப் பேருக்குக் கட்டைவிரலைவிட அடுத்த விரல்தான் நீளம். இரண்டு காலையும் எடுங்கள், பெரிய காலுக்குத்தான் ஷூ. அந்த நீளத்தோடு 10 முதல் 12 மில்லிமீட்டர் சேர்த்தால் ஷூவுக்குள் இருக்க வேண்டிய நீளம் கிடைக்கும்.

நம் ஊரில் விற்கும் 7, 8, 9 என்பதெல்லாம் இங்கிலாந்து அளவு. ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் எட்டரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். சேஃப்டி ஷூவில் அரை அளவு அநேகமாகக் கிடைக்காது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் பெரியதை எடுத்து இன்சோலால் சரிசெய்யுங்கள். சின்னதை எடுத்தால் சரிசெய்ய வழியே கிடையாது.

ஏன் கிடையாது என்பதுதான் இந்த வழிகாட்டியில் நான் அழுத்திச் சொல்ல வந்த விஷயம். சாதாரணத் தோல் ஷூ போடப் போட விரிந்து கொடுக்கும். சேஃப்டி ஷூவின் முன்பக்கம் இரும்பு. ஒரு நூல்கூட விரியாது. முதல் நாள் சுண்டுவிரலை அழுத்தினால் அந்த ஷூ கிழியும் வரை அழுத்தும். "போடப் போட லூஸாயிடும்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நம்மில் பலர் சின்ன வயதிலிருந்து வெறுங்காலோடும் செருப்போடும் நடந்து விரல்பக்கம் அகலமான பாதம் கொண்டவர்கள். ஒடுக்கமான அச்சில் செய்த ஷூ நமக்குச் சரிப்படாது. அகல அச்சு இருக்கிறதா என்று கேளுங்கள்.

கடையில் செய்ய வேண்டியவை

கும்மிடிப்பூண்டி பஜாரிலேயே சேஃப்டி ஷூ கிடைக்கிறது. நிறைய வகை பார்க்க வேண்டும் என்றால் புறநகர் ரயிலில் சென்ட்ரல் போய் இறங்கினால் பக்கத்திலேயே பெரியமேடு, கொஞ்சம் தள்ளிப் பாரிமுனை. எங்கே போனாலும் சாயங்காலம் போங்கள், அவசரப்படாமல் போங்கள்.

முதலில் ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். பாதம் இரண்டு பக்கமும் வழிந்து நின்றால் அந்த ஷூ உங்களுக்கு ஒடுக்கம். போட்டுப் பார்க்கவே வேண்டாம், அடுத்ததைக் கேளுங்கள்.

பிறகு போட்டு, லேஸைக் கட்டி, குந்துங்கள். இதை யாரும் செய்வதில்லை. சத்தியவேடு பக்கத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பியோடு பஜார் கடைக்குப் போயிருந்தேன்.

"அண்ணே, எனக்கு ஏழுதான். செருப்பே ஏழுதான் போடுறேன்."

"சரி, குந்து தம்பி."

"கடைக்குள்ளயாண்ணே?"

"வேலைல குந்த மாட்டியா? குந்திப் பாரு."

குந்தினான். உடனே குனிந்து வலது ஷூவின் மேல்பக்கத்தைப் பிடித்தான். "மேல கடிக்குதுண்ணே, விரலு மடங்குற இடத்துல."

கவசத்தின் பின்விளிம்பு அது. நின்றபடி போட்டுப் பார்த்தால் தெரியாது. பாதம் மடங்கும்போதுதான் அந்த விளிம்பு விரலின்மேல் ஏறும். எட்டு போட்டான், கடி போய்விட்டது. ஆனால் குதிகால் லேசாகத் தூக்கியது. லேஸை மேல் கண்ணியில் இழுத்துக் கட்டியதும் அதுவும் நின்றது. நடக்கும்போது குதிகால் ஒரு நெல்மணி உயரம் தூக்கினால் பரவாயில்லை, அதற்கு மேல் என்றால் கொப்புளம் நிச்சயம்.

அதோடு முடியவில்லை. கடைவாசலில் சரிவோ படியோ இருந்தால் இறங்கிப் பாருங்கள், விரல் முன்னால் போய் முட்டக் கூடாது. ஷூவைக் கையில் எடுத்து வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில்தான் அது வளைய வேண்டும். நடுப்பாதத்தில் வளைந்தால் உள்ளே தாங்கும் பட்டை பலமில்லை, சாயங்காலம் உள்ளங்கால் வலிக்கும். குதிகாலைச் சுற்றியிருக்கும் பின்பகுதியை விரலால் அழுத்துங்கள், கெட்டியாக நிற்க வேண்டும். கடைசியாக உள்ளே கையை விட்டுக் கவசத்தின் விளிம்பைத் தடவுங்கள். உள்துணிக்கு அடியில் இரும்பு விளிம்பு கைக்குத் தட்டுப்பட்டால் நாள் போகப் போகத் துணி தேய்ந்து அது காலையே அறுக்கும்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. ஸ்ரீசிட்டியில் லைனில் நிற்பவர்களில் பெண்கள் நிறைய. ஆண்கள் ஷூவில் சின்ன அளவைப் பெண்கள் ஷூ என்று கொடுத்துவிடுகிறார்கள். பெண்களுக்குப் பெரும்பாலும் விரல்பக்கத்தைவிடக் குதிகால் ஒடுக்கமாக இருக்கும், அதனால் அந்த ஷூவில் குதிகால் ஆடிக்கொண்டே இருக்கும். பெண்களுக்கான அச்சில் செய்தவை சந்தையில் இருக்கின்றன. 3, 4 அளவுகள் ஸ்டோர்ஸில் கைவசம் இருக்காது. முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், வாய்மொழியாக வேண்டாம்.

உழைக்குமா என்று எப்படித் தெரியும்

தோலை மடித்துப் பாருங்கள். முழுத்தோல் என்றால் மெல்லிய சுருக்கங்கள் விழுந்து, விட்டதும் மறையும். அடித்தோலின்மேல் பிளாஸ்டிக் பூச்சு போட்டது என்றால் மடிப்பு ஒரே கோடாக விழும். அந்தக் கோட்டில்தான் சில மாதத்தில் உரியும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று ஆந்திர எல்லையை ஒட்டித் தோல் தொழில் பரவிக் கிடக்கும் மாநிலம் நம்முடையது. நல்ல தோலைப் பார்த்து வாங்கத் தெரியாமல் இருக்க வேண்டாம். ஷூவின் நாக்குப் பகுதியில் வெட்டு விளிம்பு தெரியும் இடத்தைப் பாருங்கள், நார் நெருக்கமாக இருந்தால் நல்ல தோல்.

சோலில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பி.யு. சோல் போடாமல் வைத்திருந்தாலும் கெட்டுப்போகும். காற்றிலுள்ள ஈரம் மெல்லப் புகுந்து அந்தப் பொருளின் பிணைப்புகளையே அறுக்கும். கடலும் ஏரியும் பக்கத்தில் இருக்கும் நம் பகுதியில் ஈரப்பதத்துக்குக் குறைவே இல்லை. வருடக்கணக்கில் பெட்டியிலேயே கிடந்த புது ஷூவை ஸ்டோர்ஸில் எடுத்து சோலைக் கட்டைவிரலால் அழுத்தினால் பொரி உருண்டை மாதிரி உதிர்ந்திருக்கிறது. மேல்தோல் பளபளவென்று அப்படியே இருக்கும். அதனால் தயாரிப்பு மாதமும் வருடமும் பாருங்கள், ஷூவிலேயே குறித்திருப்பார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் பழையது என்றால் தள்ளுபடி விலையில் கொடுத்தாலும் வேண்டாம்.

விலைக் கணக்கையும் மாதக் கணக்காகப் போடுங்கள். 700 ரூபாய் ஷூ ஆறு மாதம் வந்தால் மாதம் நூற்றுப் பதினாறு ரூபாய் சொச்சம். 1,500 ரூபாய் ஷூ பதினைந்து மாதம் வந்தால் மாதம் நூறு. மலிவான ஷூவுக்காக வரும் மருந்துச் செலவு இதில் சேரவில்லை.

சாக்ஸ், இன்சோல்

ஷூவுக்குக் காட்டும் அக்கறையில் கால்வாசியாவது சாக்ஸுக்குக் காட்ட வேண்டும். முழுப் பருத்தி சாக்ஸ் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே நிற்கும். பருத்தியும் செயற்கை இழையும் கலந்த, கணுக்காலுக்கு மேல் வரும் தடித்த சாக்ஸ் நல்லது. சாப்பாட்டு இடைவேளையில் மாற்ற ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். விரல் இடுக்கில் சேற்றுப்புண் வருபவர்களுக்கு இந்த ஒன்றே பெரிய மாற்றம் தரும்.

இன்சோல் மாற்றும்போது இரண்டு எச்சரிக்கை. தடித்த இன்சோல் போட்டால் பாதம் மேலே எழும்பி விரல் கவசத்தில் இடிக்கும். ஆன்டிஸ்டாட்டிக் ஷூவுக்குள் சாதாரண ஸ்பாஞ்ச் இன்சோல் வைத்தால் நிலைமின்சாரம் இறங்காது, ஷூ தந்த நோக்கமே போய்விடும்.

காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் சுள்ளென்று குத்தினால் ஷூவை மட்டும் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் தினமும் ஷூ போடும் முன் உள்ளே கையை விட்டுத் துழாவ வேண்டும், கழற்றியதும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். மரத்துப்போன காலுக்குக் கொப்புளம் வலிக்காது. வீட்டில் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு போடுங்கள்.

மழைக்காலம்

ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் ரோட்டில் தண்ணீர் நிற்காத நாள் குறைவு. பஸ் ஸ்டாப்பில் முழங்கால் தண்ணீரில் சேஃப்டி ஷூவோடு இறங்காதீர்கள். செருப்பில் போய், லாக்கரில் வைத்திருக்கும் ஷூவைப் போட்டுக்கொள்ளுங்கள். நனைந்துவிட்டால் லேஸைத் தளர்த்தி, இன்சோலை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து ஃபேன் காற்றில் காய வையுங்கள். வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும், ஒட்டுப் பசையும் விடும். முடிந்தால் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரு நாள் வியர்வை முழுதாகக் காய ஒரு இரவு போதாது.

கம்பெனி தரும் ஷூ

ஆபத்தான வேலைக்குப் பாதுகாப்பு ஷூவைக் கம்பெனிதான் இலவசமாகத் தர வேண்டும். சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. காண்ட்ராக்ட் ஆளும் இதில் விலக்கில்லை. அளவு சரியில்லை என்றால் வாங்கிக்கொண்டு கஷ்டப்படாதீர்கள், திருப்பிக் கொடுங்கள். கால் அளவை மில்லிமீட்டரில் எழுதிக் கொடுத்தால் ஸ்டோர்ஸ்காரனுக்கும் வேலை எளிது, இதை அந்த நாற்காலியில் இருந்தே சொல்கிறேன்.

எவ்வளவு நல்ல ஷூவாக இருந்தாலும் பன்னிரண்டு மணி நேரம் உட்காராமல் நிற்க எந்தக் காலாலும் முடியாது. நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு இடையில் உட்கார ஏற்பாடு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவே எழுதி வைத்தது. கடை ஊழியர்களுக்கு அந்த உரிமையைக் கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் சட்டத் திருத்தமாகக் கொண்டு வந்தன. ஸ்டூல் கேட்பதில் கூச்சம் வேண்டாம். நிற்கும் இடத்தில் ரப்பர் மேட் போடச் சொல்லலாம். ஒரு காலை மாற்றி மாற்றித் தூக்கி வைக்க ஓர் அடி உயரத்துக்குள் ஒரு கட்டை இருந்தாலும் இடுப்புக்கு நல்ல ஓய்வு.

எப்போது தூக்கிப் போடுவது

குதிகாலிலோ முன்பாதத்திலோ சோலின் வரிகள் வழவழப்பாகிவிட்டால் போதும், எண்ணெய்த் தரையில் அந்த ஷூ சறுக்கும். மேஜைமேல் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறதா? அதுவும் முடிந்தது. தோல் கிழிந்து இரும்பு வெளியே தெரிந்தால் மாற்றுங்கள். கனமான ஏதாவது ஒரு முறை முன்பக்கம் விழுந்துவிட்டால், வெளியே ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும் மாற்றத்தான் வேண்டும். கவசம் ஒரு அடிக்குத் தன் பலத்தைக் கொடுத்துவிட்டது, இரண்டாவது அடியை அது தாங்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. சூப்பர்வைசரிடம் அன்றைக்கே எழுதிக் கொடுத்துப் புது ஜோடி வாங்குங்கள்.

பழையதை அப்படியே குப்பையில் போடாதீர்கள். யாராவது எடுத்துப் போவார்கள், அடி வாங்கிய கவசத்தை நம்பி அடுத்த சைட்டில் போட்டு நிற்பார்கள். நாக்கையும் பின்பக்கத்தையும் கத்தியால் வெட்டிவிட்டுப் போடுங்கள்.